மூடிய குழாய்ச் சுற்றில் எத்தனை லிட்டர் நீர் உள்ளது: அளந்தறியும் வழிமுறை

சில்லர் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) அல்லது வெந்நீர்க் கொதிகலனை மையமாகக் கொண்டு ஓடும் மூடிய குழாய்ச் சுற்று ஒன்றின் பராமரிப்புப் பொறுப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்தில் மருத்துவமனைகள், கல்லூரிகள், விடுதிகள், தொழிற்கூடங்கள் எனப் பல இடங்களில் இத்தகைய சுற்றுகள் ஓடுகின்றன. ஆனால் அவற்றில் எத்தனை லிட்டர் நீர் இருக்கிறது என்று கேட்டால், கணக்கைக் காட்டி விடை சொல்பவர்கள் மிகக் குறைவு. நான் பொறுப்பேற்ற கட்டடத்தில் பழைய பதிவேடு ஒரு தொகையையும், குழாய் அமைத்த ஒப்பந்ததாரரின் தாள் வேறொரு தொகையையும், கெமிக்கல் வழங்குபவரின் அறிக்கை மூன்றாவது தொகையையும் கூறின. எந்தத் தொகை எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரிக் குறிப்பும் இல்லை. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க நெடுநாள் அலைய வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

இந்தத் தொகை ஏன் முக்கியம் என்பதை ஒரே எடுத்துக்காட்டால் சொல்லிவிடலாம். துருத் தடுப்புக்காக நைட்ரைட்டை லிட்டருக்கு 500 மில்லிகிராம் அளவில் வைக்க எண்ணி, சுற்றில் 5,000 லிட்டர் இருப்பதாக நம்பிக் கெமிக்கலை ஊற்றுகிறீர்கள் என்று கொள்ளுங்கள். உண்மையில் 7,580 லிட்டர் இருந்தால், நீரில் நிற்பது 330 மில்லிகிராம் மட்டுமே. இவ்வகைத் தடுப்புப் பொருள் போதாமல் இருப்பது சில வேளைகளில் அது இல்லாமலே இருப்பதை விடக் கேடானது; இரும்பின் பரப்பு முழுவதும் காக்கப்படாமல், காக்கப்படாத சிறு புள்ளிகளில் மட்டும் அரிப்பு ஆழமாக இறங்கிக் குழாயைத் துளைக்கும். நீர் சூடேறி விரியும்போது அதற்கு இடம் தரும் எக்ஸ்பான்ஷன் டேங்கின் கொள்ளளவு, கழுவும் கெமிக்கலின் அளவு, உறைதலைத் தடுக்கும் கிளைக்கால் கலக்கும் விகிதம் ஆகிய அனைத்தும் இதே தொகையை நம்பியே நிற்கின்றன.

1. தாள்களைத் திரட்டுங்கள்

கையில் அளவு நாடாவை எடுக்கும் முன் அலுவலகத்தில் தேட வேண்டியவை இவை: கட்டி முடித்த நிலையைக் காட்டும் குழாய் வரைபடம், குழாய்க் கொள்முதல் பட்டியல், சில்லர், ஏ.எச்.யூ. (பல அறைகளுக்குக் குளிர்காற்று அனுப்பும் பெரிய கருவி), எஃப்.சி.யூ. (ஓர் அறைக்கான சிறிய கருவி) ஆகியவற்றின் தயாரிப்பாளர் தரவுத் தாள்கள், எக்ஸ்பான்ஷன் டேங்கின் பெயர்த் தகடு, முதன்முதல் நீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்தபோது எழுதிய பதிவு, இதுவரையிலான கெமிக்கல் பதிவேடு, மேக்கப் மீட்டரின் (சுற்றில் குறைவதை ஈடுசெய்யச் சேர்க்கும் நீரை அளப்பது) மாத அளவுகள்.

வரைபடம் இரண்டு வகையாக இருக்கும் என்பதை மறவாதீர்கள். ஒப்பந்தத்துக்காக வரைந்தது ஒன்று. வேலை முடிந்தபின் திருத்தி வரைந்தது மற்றொன்று. பல கட்டடங்களில் முன்னது மட்டுமே கிடைக்கும், அதில் பின்னால் சேர்த்த தளங்களும் கிளைகளும் இருக்காது. எனவே வரைபடத்தை எடுத்துக்கொண்டு, கட்டடத்தை நன்கு அறிந்த பழைய பிட்டர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு, ஷாஃப்ட், பொய்க்கூரை, மொட்டைமாடி என்று குழாய் போகும் வழியெல்லாம் ஒரு முறை நடந்து வாருங்கள். இந்த நடைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குவது வீணல்ல. எங்கே வால்வு மூடியிருக்கிறது, எங்கே ஒரு கிளை அடைக்கப்பட்டு நிற்கிறது, எந்த ஏர் வென்ட் பழுதாகிக் கிடக்கிறது என்பவையெல்லாம் அப்போதுதான் தெரியவரும். பின்னால் கணக்கு ஒத்துப்போகாதபோது உங்களுக்குத் துணை நிற்பவை இந்தக் குறிப்புகளே.

2. குழாயின் உள்விட்டத்தைக் கொண்டு கணக்கிடுங்கள்

வாய்ப்பாடு எளியது. உள்விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, வரும் தொகையை 0.000785 ஆல் பெருக்கினால் ஒரு மீட்டர் நீளக் குழாயில் எத்தனை லிட்டர் நிற்கும் என்பது கிடைக்கும்.

இங்கேதான் புதியவர்கள் பெரும்பாலும் வழுக்குகிறார்கள். கடையில் நாம் "ஐம்பது எம்.எம். குழாய்" என்று கேட்டு வாங்குவதன் உள்விட்டம் ஐம்பது அன்று. ஐ.எஸ். 1239 என்னும் இந்தியத் தரத்தின் நடுத்தர வகை இரும்புக் குழாயில் 50 என்னும் அளவுக்கு வெளிவிட்டம் ஏறத்தாழ 60.3 மி.மீ., சுவர்த் தடிமன் 3.6 மி.மீ.; ஆகவே உள்விட்டம் 53.1 மி.மீ. ஆகிறது. மீட்டருக்கு 1.96 லிட்டர் என்று எண்ணிய இடத்தில் உண்மையில் 2.21 லிட்டர் நிற்கிறது. 25 அளவுக் குழாயில் இந்த வேறுபாடு விகிதத்தில் இன்னும் பெரிது, 0.49 லிட்டர் என்று போட்டால் உண்மை 0.585 லிட்டர்.

நடுத்தர வகைக்கு நான் பயன்படுத்திய எண்கள், மீட்டருக்கு லிட்டர் கணக்கில்: 25 அளவுக்கு 0.585, 40 அளவுக்கு 1.38, 50 அளவுக்கு 2.21, 80 அளவுக்கு 5.14, 100 அளவுக்கு 8.71, 150 அளவுக்கு 18.99. குழாய் மென் வகையா, நடுத்தரமா, கன வகையா என்பதை அதன் மீதுள்ள நிறப்பட்டை காட்டும். மஞ்சள் மென் வகைக்கும், நீலம் நடுத்தரத்துக்கும், சிவப்பு கன வகைக்கும் உரியது. இன்சுலேஷன் மூடியிருந்தால் பட்டை தெரியாது. கொள்முதல் பட்டியலைப் பாருங்கள், அல்லது அல்ட்ராசோனிக் தடிமன் கருவி வைத்திருப்பவரைக் கொண்டு ஒவ்வோர் அளவிலும் ஓரிரு இடங்களில் அளந்து கொள்ளுங்கள். பி.பி.ஆர்., எச்.டி.பி.இ. போன்ற பிளாஸ்டிக் குழாய்களில் கதை தலைகீழ்: அங்கே சொல்லப்படும் அளவு வெளிவிட்டம், சுவரும் தடிமனானது, எனவே உள்ளே நிற்கும் நீர் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு.

நீளத்தை எடுக்கும்போது போகும் குழாய், திரும்பும் குழாய் இரண்டையும் சேர்க்க வேண்டும். ஒரு வழியை மட்டும் எடுத்துவிட்டுத் தொகை பாதியாக நிற்பது எளிதில் நேரும் பிழை. எல்போ, டீ முதலியவற்றைத் தனியாகக் கணக்கிட வேண்டாம். மையக்கோட்டு நீளத்தில் அளந்தால் அவை தாமாகவே அடங்கிவிடும்.

எடுத்துக்காட்டாக ஒரு சுற்றை வைத்துக்கொள்வோம். 150 அளவில் 120 மீட்டர், 100 அளவில் 180 மீட்டர், 80 அளவில் 140 மீட்டர், 50 அளவில் 260 மீட்டர், 25 அளவில் 300 மீட்டர் என்றால், குழாய்களில் மட்டும் ஏறத்தாழ 5,317 லிட்டர் வரும். இதில் 150, 100 ஆகிய இரண்டு அளவுகளே நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவான நீரை வைத்திருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். பெரிய குழாயின் நீளத்தில் பத்து மீட்டர் தவறினால் கிட்டத்தட்ட 190 லிட்டர் தவறும். 25 அளவில் பத்து மீட்டர் தவறினால் ஆறு லிட்டர்கூட இல்லை. உங்கள் பொறுமையைப் பெரிய குழாய்களுக்குச் செலவிடுங்கள்.

3. கருவிகளையும் தொட்டிகளையும் சேருங்கள்

சில்லரின் எவாப்பரேட்டர் (நீர் குளிரும் பகுதி), பஃபர் டேங்க் (கூடுதல் நீர்த் தொட்டி), ஏ.எச்.யூ. காயில்கள், எஃப்.சி.யூ. காயில்கள், ஹெட்டர் (கிளைகள் சேரும் பெருங்குழாய்), ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) ஆகியவற்றின் நீர்க் கொள்ளளவைத் தரவுத் தாளிலிருந்து எடுங்கள். தாள் இல்லையென்றால் தயாரிப்பாளருக்கு மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். விடை வரச் சில நாட்கள் ஆகும் என்பதால் இதை முதல் நாளே செய்துவிடுவது நல்லது. நம் எடுத்துக்காட்டில் இவை சேர்ந்து 1,695 லிட்டர் என்று கொண்டால், மொத்தம் 7,012 லிட்டர்.

மூடிய வகை எக்ஸ்பான்ஷன் டேங்கைப் பற்றித் தனியாக ஒரு சொல். தகட்டில் 300 லிட்டர் என்று இருந்தால் அதில் 300 லிட்டர் நீர் இருக்கிறது என்று பொருளில்லை. பெரும்பகுதி ரப்பர்ப் பைக்கு அப்பால் உள்ள காற்று. காற்றின் தொடக்க அழுத்தமும் இப்போதைய சுற்றழுத்தமும் தெரிந்தால் நீரைக் கணக்கிடலாம். அழுத்த மீட்டரில் காட்டும் எண்ணோடு வளிமண்டல அழுத்தமான ஒரு பாரைக் கூட்டிக்கொண்டு, தொடக்க அழுத்தத்தை இப்போதைய அழுத்தத்தால் வகுத்து, வருவதை ஒன்றிலிருந்து கழித்து, டேங்கின் கொள்ளளவால் பெருக்க வேண்டும். தொடக்கம் 1.5 பார், இப்போது 2 பார் என்றால், 2.5 ஐ 3 ஆல் வகுத்துக் கழிக்க மீதம் ஆறில் ஒரு பங்கு. ஆக டேங்கில் இருப்பது 50 லிட்டர்தான். மேலும் அந்த நீர் சுற்றில் ஓடாமல் ஒதுங்கி நிற்கும் நீர். சுற்றில் ஒரு பொருளைக் கலந்து அதன் செறிவைக் கொண்டு அளக்கும் ட்ரேசர் முறையில் அது கணக்கில் வராது. மொட்டைமாடியில் திறந்த டேங்க் இருந்தால் அதற்கும் இதுவே பொருந்தும்.

4. அளக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள்

மேலே செய்தது கணக்கு; அது அளவீடு ஆகாது. கணக்கை உறுதிசெய்ய இரண்டு வழிகள் உள்ளன. சுற்று புதியதாகவோ, ஆண்டுப் பராமரிப்புக்காகக் காலி செய்யப்பட்டோ இருந்தால், நிரப்பும் நீரை அளக்கலாம். சுற்று ஓடிக்கொண்டிருக்கிறது, நிறுத்தவே முடியாது என்றால், அறிந்த அளவு ட்ரேசர் ஒன்றைக் கலந்து அதன் செறிவு எவ்வளவு உயர்கிறது என்று பார்க்கலாம்.

நல்ல நீர் நிறைந்த சுற்றை அளப்பதற்காக மட்டும் காலி செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கெமிக்கல் கலந்த ஆயிரக்கணக்கான லிட்டரை வெளியேற்ற இடம் தேட வேண்டும். உள்ளே புதிய ஆக்சிஜன் புகுந்து துரு தொடங்கும். நம் ஊரில் நல்ல நீருக்கு உள்ள தட்டுப்பாட்டைச் சொல்லவே வேண்டாம்.

5. காலிச் சுற்றை நிரப்பி அளத்தல்

நிரப்பும் குழாயில் ஸ்ட்ரெய்னரையும் அதை அடுத்து வாட்டர் மீட்டரையும் பொருத்துங்கள். ஐ.எஸ். 779 தர மீட்டர் சரியான ஓட்டத்தில் இரண்டு சதவீதத்துக்குள் காட்டும். மிக மெதுவாக நீர் விட்டால் பிழை ஐந்து சதவீதம் வரை போகலாம். மீட்டருக்கு முன்னுள்ள குழாயில் காற்று இருந்தால் அதையும் நீர் என்றே எண்ணிச் சுழலும் என்பதால், முதலில் சிறிது நீரை வெளியே ஓடவிட்டுக் காற்றைப் போக்கிய பிறகே தொடக்க எண்ணைக் குறிக்க வேண்டும். மீட்டரையே சோதிக்க, ஒரு 200 லிட்டர் டிரம்மைக் காலியாகவும் நிறைத்தும் தராசில் நிறுத்து, மீட்டர் காட்டியதோடு ஒப்பிடுங்கள்.

டேங்கர் லாரியிலிருந்து நிரப்புகிறீர்கள் என்றால் இன்னும் நல்ல வழி உண்டு. லாரியை நிரப்பும் முன் நிறையோடும், நிரப்பிய பின் மீதியோடும் எடைமேடையில் ஏற்றி எடை பாருங்கள். வேறுபாடு கிலோவில் கிடைக்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் 0.9957 கிலோ; ஆகவே 7,000 கிலோ என்பது 7,030 லிட்டர். இரண்டு முறையும் ஓட்டுநர் வண்டிக்குள் இருக்க வேண்டும், அல்லது இரண்டு முறையும் இறங்கிவிட வேண்டும். இடையில் டீசல் போடக் கூடாது. எடைமேடையின் முத்திரைச் சான்று நடப்பில் உள்ளதா என்று பார்த்து, ரசீது இரண்டையும் கோப்பில் சேருங்கள். லாரி நீர் சாஃப்ட்னர் அல்லது ஆர்.ஓ. வழியாக வந்ததாக இருக்கட்டும். நம் பகுதியின் கடினமான போர்வெல் நீரை நேராக ஏற்றினால் காயில்களில் உப்புப் படியும்.

கீழிருந்து மேலாக, மெதுவாக நிரப்புங்கள். ஒவ்வொரு தளத்திலும் ஏர் வென்ட் அருகே ஓர் ஆள் நின்று, காற்று தீர்ந்து நீர் வந்ததும் மூட வேண்டும். வழிந்த நீரை வாளியில் பிடித்து அளந்து கழிக்க வேண்டும். நிரம்பிவிட்டது என்று தோன்றியவுடன் கடைசி எண்ணைக் குறித்துவிடாதீர்கள். பம்பை இரவு முழுவதும் ஓட்டி, மறுநாள் மீண்டும் காற்றை வெளியேற்றி, குறைந்த நீரை அதே மீட்டர் வழியாகச் சேர்த்து, அதன் பிறகு குறியுங்கள்.

காற்று இன்னும் உள்ளே இருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. எக்ஸ்பான்ஷன் டேங்கை வால்வால் தனிமைப்படுத்திவிட்டு, அழுத்தச் சோதனைக் கை பம்பினால் சுற்றழுத்தத்தை ஒரு பார் உயர்த்துங்கள்; அந்தக் கை பம்பின் தொட்டியில் எவ்வளவு நீர் குறைந்தது என்று பாருங்கள். நீர் எளிதில் அமுங்காது. ஏழாயிரம் லிட்டர் சுற்றில் காற்றே இல்லையென்றால் ஓரிரு லிட்டருக்குள் அழுத்தம் ஏறிவிடும். பத்து, பதினைந்து லிட்டர் போயும் ஏறவில்லையென்றால், ஏதோ ஒரு மூலையில் பெரிய காற்றுப்பை இருக்கிறது. இதைச் செய்யும் முன் சுற்றின் அனுமதிக்கப்பட்ட அழுத்தத்தைத் தரவுத் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி: காலி செய்த சுற்று முழுவதும் காலியாவதில்லை. தாழ்ந்த வளைவுகளிலும் காயில்களின் அடியிலும் பழைய நீர் தங்கும். அதனால் நிரப்பும் முறையில் வரும் தொகை, உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

6. ஓடும் சுற்றில் ட்ரேசர் கலந்து அளத்தல்

எனக்கு மிகவும் பயன்பட்ட முறை இதுவே. இதன் உள்ளடக்கம் ஒரே வகுத்தல்தான்: கலந்த பொருளின் எடையை மில்லிகிராமில் எடுத்து, அதன் செறிவு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உயர்ந்ததோ அதனால் வகுத்தால், லிட்டர் கிடைக்கும். செய்முறையில்தான் கவனம் முழுவதும் தேவை.

எந்தப் பொருளைக் கலப்பது என்பதே முதல் கேள்வி. சமையல் உப்பைக் கலந்து குளோரைடை அளந்துவிடலாம் என்று பலர் சொல்வார்கள். தோல் தொழிலின் காரணமாகக் குளோரைடை அளக்கும் டைட்ரேஷன் சோதனை நம் பகுதி ஆய்வகங்களுக்கு அன்றாட வேலை என்பதும் உண்மை. ஆயினும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பாலாற்றுப் படுகையின் கிணற்று நீரில் குளோரைடு முன்பே மிகுதி; லிட்டருக்கு 400 மில்லிகிராம் இருக்கும் நீரில் அரைக் கிலோ உப்பைக் கலந்தால், ஏழாயிரம் லிட்டரில் உயர்வது வெறும் 43 மில்லிகிராம், அது டைட்ரேஷனின் சிறு பிழையிலேயே கரைந்துபோகும். தெளிவான உயர்வு வேண்டி உப்பைக் கூட்டினால், எவர்சில்வர் தகடுகள் கொண்ட ஹீட் எக்ஸ்சேஞ்சரில் குளோரைடு துளை அரிப்பை உண்டாக்கும். நைட்ரைட்டும் இதற்கு ஏற்றதன்று, ஏனெனில் சுற்றில் கிருமிகள் இருந்தால் அவை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றிவிடும். குறைந்துபோன நைட்ரைட்டை நீங்கள் கூடுதல் நீர் என்று படித்துவிடுவீர்கள்.

மாலிப்டினம் என்னும் உலோகத்தின் உப்பான சோடியம் மாலிப்டேட் நல்லது. இது துருத் தடுப்புப் பொருளாகவே பயன்படுகிறது, கிருமிகள் இதை மாற்றுவதில்லை, வழக்கமான நீரில் இதன் செறிவு மிகச் சொற்பம். ஆனால் உங்கள் சுற்றில் முன்பே மாலிப்டேட் கலந்த கெமிக்கல் உள்ளதா என்று பதிவேட்டில் பாருங்கள். இருந்தாலும் தடையில்லை, முன்னளவைக் கழித்துக்கொள்ளலாம்.

கலக்கும் முன் செய்ய வேண்டியவை: எல்லாத் தளங்களின் ஐசொலேஷன் வால்வுகளும், எஃப்.சி.யூ. கட்டுப்பாட்டு வால்வுகளும் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் மூடிவைத்த ஒரு வால்வுக்குப் பின்னால் உள்ள நீர் கலப்பில் சேராது. எனவே சோதனை முடியும் வரை அறைகளின் வெப்ப அமைப்பைத் தாழ்த்தி வையுங்கள். காத்திருப்பில் உள்ள இரண்டாவது சில்லரிலும் இரண்டாவது பம்பிலும் நீரை ஓடவிடுங்கள். மேக்கப் வால்வை மூடி, மேக்கப் மீட்டரின் எண்ணைக் குறியுங்கள். குடிநீர்க் குழாயோடு ஹோஸ் இணைப்பு ஏதேனும் இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். கெமிக்கல் பின்னோக்கி ஏறிக் குடிநீரில் கலக்க எந்த வழியும் இருக்கக் கூடாது.

நம் எடுத்துக்காட்டுக்கு 300 கிராம் போதும். ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் தராசில் நீங்களே நிறுங்கள்; விற்பவர் பையில் எழுதிய எடையை நம்பிக் கலக்காதீர்கள். சுற்றிலிருந்தே எடுத்த ஒரு வாளி நீரில் முழுதாகக் கரைத்து, டோசிங் பாட் (கெமிக்கலைச் சுற்றில் ஏற்ற உதவும் சிறு கலம்) வழியாக ஏற்றுங்கள். டோசிங் பாட் இல்லாத இடத்தில் கை பம்பைத் திரும்பும் குழாயின் ட்ரெயின் வால்வில் இணைத்து ஏற்றலாம். வாளியையும் பம்பின் தொட்டியையும் சுற்று நீரால் அலசி, அந்த நீரையும் உள்ளே அனுப்ப வேண்டும். கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள்.

7. மாதிரி எடுத்தல்

கலக்கும் முன்பே, முன்னளவுக்காக இரண்டு பாட்டில் எடுத்திருக்க வேண்டும். இதை மறந்தால் சோதனை முழுவதும் வீண். பின்னால் ஈடுசெய்ய வழியில்லை.

கலந்த பிறகு எவ்வளவு நேரம் காத்திருப்பது? சுற்றின் கொள்ளளவைப் பம்பின் ஓட்டத்தால் வகுங்கள். ஏழாயிரம் லிட்டர் சுற்றில் மணிக்கு 28,000 லிட்டர் ஓட்டம் என்றால், நீர் ஒரு முறை சுற்றிவரப் பதினைந்து நிமிடம். கிளைகளில் ஓட்டம் சமமாக இருக்காது என்பதால் இருபது சுற்றாவது விடுங்கள், அதாவது ஐந்து மணி நேரம். அதன் பின் மூன்று இடங்களில் மாதிரி எடுங்கள்: சில்லருக்குத் திரும்பும் ஹெட்டர், நடுத்தளத்தில் ஒரு ஏ.எச்.யூ., மிகத் தொலைவில் உள்ள எஃப்.சி.யூ. மறுநாள் காலை அதே மூன்று இடங்களில் மீண்டும் எடுங்கள். ஆறும் ஏறத்தாழ ஒத்துப்போனால் கலப்பு முடிந்தது. தொலைவிடம் மட்டும் குறைவாகக் காட்டினால், அந்தக் கிளையில் ஓட்டம் இல்லை, வால்வைத் தேடுங்கள்.

ஒவ்வொரு முறையும் குழாய் முனையில் ஓரிரு லிட்டரை ஓடவிட்டு, பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் அலசி, நிறைத்து, இடம், தேதி, நேரம் எழுதி ஒட்டுங்கள். ஓடவிட்ட நீரையும் வாளியில் பிடித்துக் கழிவுநீர் வழிக்கே அனுப்புங்கள். பழைய சுற்றுகளில் நீர் கறுத்து வரும்; அது இரும்பு ஆக்சைடின் நுண்துகள். நிறத்தைக் கொண்டு அளக்கும் சோதனைகளை அது கெடுக்கும் என்பதால், வடிகட்டி அளக்கும்படி ஆய்வகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

சொட்டு எண்ணும் கிட்டை இந்த வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம். ஒரு சொட்டுக்கு ஐந்து மில்லிகிராம் என்று ஏறும் கிட், நம் எடுத்துக்காட்டில் வரும் பதினாறு மில்லிகிராம் போன்ற சிறு செறிவை அளக்கும்போது தரும் விடை வெறும் ஊகமே. போட்டோமீட்டர் உள்ள ஆய்வகத்தையே நாடுங்கள். எல்லாப் பாட்டில்களையும் ஒரே ஆய்வகத்தில், ஒரே நாளில், ஒரே முறையில் அளக்கச் சொல்லுங்கள்.

8. கணக்கும், அது சொல்லும் செய்தியும்

சோடியம் மாலிப்டேட் டைஹைட்ரேட்டில் மாலிப்டினம் 39.7 சதவீதம். 300 கிராமில் 119 கிராம், அதாவது 1,19,000 மில்லிகிராம். லிட்டருக்கு மில்லிகிராம் மாலிப்டினம் என்ற கணக்கில் முன்னளவு 0.4, பின்னளவு 16.1 என்றால் உயர்வு 15.7. வகுத்தால் 7,580 லிட்டர். பாக்கெட்டின் சான்றிதழில் தூய்மை 98 சதவீதம் என்று இருந்தால் விடையையும் 0.98 ஆல் பெருக்க வேண்டும்.

இந்த முறையின் மிகப் பெரிய பொறி அறிக்கையின் அலகில் இருக்கிறது. சில ஆய்வகங்கள் விடையை மாலிப்டினமாகத் தருகின்றன, சில மாலிப்டேட்டாகத் தருகின்றன. பின்னது முன்னதைவிட 1.67 மடங்கு பெரிய எண். மாலிப்டேட்டாகத் தந்த எண்ணை மாலிப்டினம் என்று எடுத்துக்கொண்டால், 7,580 லிட்டர் 4,550 லிட்டராகச் சுருங்கிவிடும். எந்த அலகில் தருகிறீர்கள் என்று கேட்டு, அறிக்கையிலேயே அச்சிட்டு வாங்குங்கள்.

இப்போது கணக்கு 7,012, அளவீடு 7,580. எட்டு சதவீத வேறுபாடு. ஆய்வக அளவீட்டின் பிழை ஐந்து சதவீதம் என்றால்கூட இது அதற்கு அப்பால் நிற்கிறது; ஆகவே இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி எழுதிவிடக் கூடாது. அளவீடு மிகுதியாக வந்தால், வரைபடத்தில் இல்லாத கிளை ஒன்று ஓடுகிறது, அல்லது கலந்ததில் ஒரு பகுதி வாளியிலேயே தங்கிவிட்டது, அல்லது எங்கோ கசிந்து புதுநீர் உள்ளே வந்திருக்கிறது. மேக்கப் மீட்டர் நகர்ந்திருந்தால் கடைசிக் காரணமே முதலில் பார்க்க வேண்டியது. அளவீடு குறைவாக வந்தால், மூடிய வால்வுகளுக்குப் பின்னால் நீர் தேங்கி நிற்கிறது, அல்லது காற்று நிறைந்திருக்கிறது, அல்லது கலப்பு முடியும் முன் மாதிரி எடுத்துவிட்டீர்கள். முதல் படியில் நடந்து எழுதிய குறிப்புகளை இப்போது திறந்து பாருங்கள்.

வெப்பநிலையையும் குறிக்க வேண்டும். 7 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போகும்போது நீர் முக்கால் சதவீதத்துக்குச் சற்று மேல் விரியும். ஏழாயிரம் லிட்டரில் அது 54 லிட்டர். கெமிக்கல் அளவுக்கு இது பொருட்டல்ல. எக்ஸ்பான்ஷன் டேங்குக்கு இதுவே எல்லாம்: கத்திரி வெயிலில் மின்சாரம் நின்று சில்லர் ஓடாத பகலில், அந்த 54 லிட்டரும் போக இடம் வேண்டும்.

9. செலவும் காலமும்

ட்ரேசர் முறையில் செலவு மூன்றே இனம்: பொருள், எட்டுப் பாட்டில்களின் ஆய்வுக் கட்டணம், ஆட்களின் நேரம். கட்டணம் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். ஒரு மாதிரிக்கு எவ்வளவு, ஜி.எஸ்.டி. உள்ளடங்குமா, அறிக்கை எத்தனை நாளில் வரும் என்ற மூன்றையும் எழுத்தில் பெறுங்கள். நிரப்பும் முறையில் டேங்கர், எடைமேடை, தளத்துக்கு ஓர் ஆள், எல்லாவற்றுக்கும் மேலாகச் சில்லரை நிறுத்தி வைக்கும் இழப்பு என்று நீளும். கெமிக்கல் வழங்கும் நிறுவனம் இலவசமாக அளந்து தருவதாகச் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் லிட்டர் கூடினால் விற்பனையும் கூடும் என்பதால், நிறுப்பதும் மாதிரி எடுப்பதும் உங்கள் கையில் இருக்கட்டும்.

நிரப்பும் வேலையை மார்கழி, தை மாதங்களில் வையுங்கள். சித்திரை, வைகாசியில் வேலூரில் எவரும் சில்லரை நிறுத்த இசைய மாட்டார்கள். மருத்துவமனை என்றால் அறுவை அரங்கு, தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவற்றின் பொறுப்பாளர்களிடம் எழுத்து அனுமதி இல்லாமல் எந்த வால்வையும் தொடாதீர்கள். ட்ரேசர் முறைக்கு எந்த மாதமும் ஏற்றது.

வெளியேற்றும் நீர் இருந்தால், அதில் நைட்ரைட்டோ கிளைக்காலோ கலந்திருக்கலாம். மழைநீர்க் கால்வாயில் விடக் கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உங்கள் நிறுவனத்துக்கு வழங்கிய இசைவாணையின் நிபந்தனைகளைப் படித்து, சுத்திகரிப்பு நிலையப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே நாளும் அளவும் சொல்லி, சிறிது சிறிதாக அனுப்புங்கள்.

10. பதிவு

ஒரே தாளில் இவை இருக்க வேண்டும்: தேதி, நீரின் வெப்பநிலை, சுற்றழுத்தம், எக்ஸ்பான்ஷன் டேங்கின் வகையும் அழுத்தமும், திறந்திருந்த வால்வுகளின் பட்டியல், கணக்கிட்ட தொகை, அளந்த தொகை, முறை, ட்ரேசரின் எடையும் தூய்மையும், எடை பார்த்தவர் பெயர், மேக்கப் மீட்டரின் முன்னெண்ணும் பின்னெண்ணும், ஆய்வக அறிக்கை எண். தொகையை "7,580 லிட்டர்" என்று மொட்டையாக எழுதாமல், "7,580 லிட்டர், ஐந்து சதவீதம் கூடலாம் குறையலாம், எக்ஸ்பான்ஷன் டேங்க் நீங்கலாக" என்று எழுதுங்கள். தாளின் நகலைக் கெமிக்கல் வழங்குபவருக்குக் கொடுத்துப் பெற்றதற்குக் கையொப்பம் வாங்குங்கள்; மற்றொரு நகலைப் பிளாஸ்டிக் உறையிட்டுப் பம்ப் அறைச் சுவரில் மாட்டுங்கள். புதுத் தளமோ புதுக் காயிலோ சேரும்போது, அதன் லிட்டரைக் கணக்கிட்டு அதே தாளின் அடியில் தேதியோடு கூட்டிக்கொண்டு வரலாம். சேர்ந்தவை மொத்தத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் ட்ரேசர் சோதனையை மறுபடி செய்யுங்கள்.